பலகையில் எண் மாறும்போது: மாறும் வேக வரம்பு பற்றி வாசகர் கேள்விகள்

நெடுஞ்சாலைக்குக் குறுக்கே, தலைக்கு மேலே நிற்கும் மின்னணுப் பலகையில் 100 என்றிருந்த வேக வரம்பு 80 ஆகிறது, பிறகு 60 ஆகிறது, சற்று நேரத்தில் மறுபடி ஏறுகிறது. போக்குவரத்தையும் வானிலையையும் பார்த்து எண்ணை மாற்றும் இந்த ஏற்பாட்டைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சாலை காலியாகக் கிடக்கிறது. மழை இல்லை, பனி இல்லை. ஆனாலும் பலகை 60 என்கிறது. நான் எதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டும்?

நீங்கள் பார்க்கும் சாலைக்காகப் பலகை அந்த எண்ணைக் காட்டவில்லை. இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நீங்கள் போய்ச் சேரப்போகும் இடத்துக்காகக் காட்டுகிறது. அங்கே வண்டிகள் தேங்கி நிற்கத் தொடங்கியிருக்கலாம்.

தேக்கத்தின் வால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் அதில் சேரச் சேர, வால் உங்களை நோக்கி நகர்ந்து வரும். அதன் வேகம் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 20 கி.மீ. நீங்கள் 100-இல் போகிறீர்கள், வால் எதிரே 15-இல் வருகிறது என்றால் இடைவெளி நொடிக்கு 32 மீட்டர் கரைகிறது. 3 கி.மீ. தூரத்தில் இருக்கும் வால் ஒன்றரை நிமிடத்தில் உங்கள் பம்பருக்கு முன்னால் இருக்கும்.

இனி ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு முடிந்து நிமிரும்போது 120 மீட்டரில் வால் தெரிகிறது. சாலை வடிவமைப்பில் பயன்படும் வழக்கமான கணக்கு இது: ஓட்டுநர் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி, பிறகு ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 3.4 மீட்டர் வீதம் குறையும். 100-இல் போனால் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 69 மீட்டர் ஓடிவிடும். மீதி 51 மீட்டரில் நிற்க முடியாது. ஏறத்தாழ 74 கி.மீ. வேகத்தில் மோதுவீர்கள். 3.4 என்பது ஈரச் சாலையிலும் சாதாரண ஓட்டுநராலும் முடிகிற அளவு. உலர்ந்த சாலையில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து அதைப்போல் இரு மடங்கு எடுத்தாலும் 33 கி.மீ. வேகத்தில் இடிப்பீர்கள். 60-இல் வந்தவரோ அதே கணக்கில் 83 மீட்டரில் நின்றுவிடுவார். அவருக்கும் முன் வண்டிக்கும் நடுவே 37 மீட்டர் மிச்சம் இருக்கும்.

பலகையைக் கண்டதும் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பின்கண்ணாடியைப் பாருங்கள், அடுத்த பலகை வருவதற்குள் அந்த எண்ணுக்கு இறங்குங்கள். வாலின் கடைசி வண்டியாக நீங்கள் நிற்க நேர்ந்தால், பின்னால் இன்னொருவர் வந்து நிற்கும்வரை அபாய விளக்கை எரியவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. காரணம் சொல்லாத 60-ஐ மனிதர்கள் மதிப்பதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் தேக்கத்துக்கோ ஈரச் சாலைக்கோ உரிய சின்னத்தைக் காட்டுவது பலகை வைத்தவர்களின் கடமை.

வேகத்தைக் குறைத்தால் நெரிசல் கூடத்தானே செய்யும்?

அப்படித்தான் தோன்றும். நடப்பது அதுவல்ல.

ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை இரண்டைப் பொறுத்தது: வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன. வேகம் கூடினால் இடைவெளியும் கூடியாக வேண்டும். அதனால் ஒரு தடம் அதிகபட்ச வண்டிகளைக் கடத்துவது 120-இல் அல்ல. பெரும்பாலும் 80, 90-ஐ ஒட்டிய வேகத்தில்தான். அப்போது மணிக்கு ஏறத்தாழ 2000 வண்டிகள், அதாவது 1.8 நொடிக்கு ஒன்று. இந்த நிலையில் ஒருவர் சற்று வேகமாகத் தடம் மாறினாலே போதும். பின்னால் இருப்பவர் லேசாகப் பிரேக் பிடிப்பார், அவருக்குப் பின்னால் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக, பத்தாவது ஆள் நின்றே விடுவார். ஒருமுறை ஓட்டம் இப்படி முறிந்துவிட்டால், அதே இடம் பழைய எண்ணிக்கையைக் கடத்தாது. நின்ற வண்டி நகரத் தொடங்குவதில் ஏற்படும் தாமதத்தால், சாலையின் கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை குறைந்துபோகும்.

மாறும் வரம்பின் வேலை அந்த முறிவைத் தள்ளிப்போடுவது. எல்லோரும் 80-இல் போனால் தடம் மாறுவதில் லாபம் இல்லை. 70-இல் போகும் லாரிக்கும் 120-இல் வரும் காருக்கும் இருந்த 50 கி.மீ. வித்தியாசம் 10 ஆகிவிடும். விபத்தைக் குறைப்பதும் இதே காரணம்தான். நெரிசலான சாலையில் வேகத்தைவிட வேக வித்தியாசம் பொல்லாதது.

நேர இழப்பையும் பார்த்துவிடலாம். 10 கி.மீ. தூரத்தை 100-இல் கடக்க 6 நிமிடம், 80-இல் கடக்க ஏழரை நிமிடம். இழப்பது ஒன்றரை நிமிடம். அதே தூரத்தில் நின்று நின்று நகர்ந்தால் இதைப்போல் பல மடங்கு போகும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தடத்தின் கொள்ளளவைத் தாண்டி வண்டிகள் வந்துகொண்டே இருந்தால் எந்தப் பலகையாலும் நெரிசலைத் தடுக்க முடியாது. பலகை புதிதாக ஒரு தடத்தைப் போட்டுக் கொடுக்காது.

கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். பலகையில் என்ன எண் வர வேண்டும் என்று கணினி எப்படி முடிவு செய்கிறது? உள்ளே என்னென்ன கருவிகள் இருக்கும்?

முதலில் சாலைக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று பார்ப்போம். பல நாடுகளில் இன்றும் நம்பப்படும் கருவி, தாரை அறுத்துச் சில சுற்றுக் கம்பி பதித்த லூப். அதில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஓடும். மேலே வண்டியின் உலோகம் வந்ததும் லூப்பின் தூண்டல் குறைந்து அதிர்வெண் ஏறும். அந்த ஏற்றம்தான் "வண்டி வந்தது" என்ற செய்தி. வேகம் அளக்க ஒவ்வொரு தடத்திலும் இரண்டு லூப் வேண்டும். 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு லூப்கள், ஒன்றின் முன்விளிம்புக்கும் மற்றதன் முன்விளிம்புக்கும் நடுவே 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-இல் போகும் கார் இந்த 4.5 மீட்டரை 0.162 நொடியில் கடக்கும். கருவி நொடிக்கு நூறு முறை பார்க்கிறது என்றால், ஒரு முறை தவறிப்போவதே 6 விழுக்காட்டுப் பிழை. அதனால் ஒற்றை வண்டியின் வேகத்தை வைத்து முடிவெடுப்பதில்லை, ஒரு நிமிடச் சராசரியை எடுக்கிறார்கள். அறுக்கும்போதே 4.5 மீட்டர் 4.6 ஆகிவிட்டால் எல்லா அளவும் 2 விழுக்காடு குறைவாகவே வரும், எந்தச் சராசரியும் அதைத் திருத்தாது. பதித்தபின் டேப் வைத்து அளந்து, அளந்த தூரத்தையே கணினியில் எழுத வேண்டும்.

வேகத்தைவிட முக்கியமான இன்னொரு அளவு, லூப் எவ்வளவு நேரம் மறைக்கப்பட்டிருக்கிறது என்பது. 4 மீட்டர் கார் 2 மீட்டர் லூப்பை 100-இல் கடக்கும்போது 0.22 நொடி மறைக்கும். மணிக்கு 1800 கார் கடந்தால் மொத்த நேரத்தில் 11 விழுக்காடு. தேக்கத்தில் 20-இல் ஊரும்போது ஒரு கார் 1.08 நொடி மறைக்கும். மணிக்கு 1200 காரே கடந்தாலும் 36 விழுக்காடு ஆகிவிடும். வண்டிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, மறைப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தேக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அளவு வேறில்லை.

முடிவு எடுக்கும் முறையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, சராசரி வேகம் விழுவதற்காகக் காத்திருப்பது. ஓட்டம் முறியும் கடைசி நிமிடம்வரை வேகம் நன்றாகவே இருக்கும். விழுந்தபின் பலகையை மாற்றினால் அது அறிவிப்பு மட்டும்தான், தடுப்பு ஆகாது. லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலையின் மேற்குப் பகுதியில் 1995-இல் தொடங்கிய ஏற்பாடு இதைச் சரியாகக் கையாண்டது. தடத்துக்கு மணிக்கு 1650 வண்டிகளைத் தாண்டினால் வரம்பு 70 மைலிலிருந்து 60-க்கு இறங்கியது, 2050-ஐத் தாண்டினால் 50 மைலுக்கு இறங்கியது. வேகம் விழும் முன்பே, எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தே முந்திக்கொண்டது.

இதன் மேல் நான்கு விதிகள் வேண்டும். முதல் விதி, இறங்குவதற்கும் ஏறுவதற்கும் வேறு வேறு எல்லை. 1650-இல் இறக்கி, 1649-இல் ஏற்றினால் பலகை நிமிடத்துக்கு நிமிடம் தள்ளாடும். 1650-இல் இறக்கி, 1450-க்குக் கீழே வந்தபின் ஏற்றினால் நிலைக்கும். இரண்டாவது, ஒருமுறை காட்டிய எண் சில நிமிடமாவது நிற்க வேண்டும். ஆனால் ஆபத்துக்காக இறக்குவதற்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. இறக்கம் உடனே, ஏற்றம் பொறுமையாக. மூன்றாவது, படிப்படியாக இறக்குவது. தேக்கத்துக்குப் பக்கத்துப் பலகை 60 என்றால் அதற்கு முந்தையது 80, அதற்கும் முந்தையது 100. 120-இல் வருபவருக்கு ஒரே பலகையில் 60 காட்டினால் ஒருவர் பிரேக் பிடிப்பார், பின்னால் வருபவர் பிடிக்க மாட்டார். அந்தப் பலகையின் அடியிலேயே விபத்து நடக்கும். நான்காவது, நெரிசல் ஓர் எண்ணும் மழை ஓர் எண்ணும் கேட்டால், குறைந்ததே வெல்லும்.

இனிக் கெட்டுப்போகும் இடங்கள். மேல்தளம் சுரண்டிப் புதிதாகத் தார் போடும்போது லூப்பும் சேர்ந்து அறுபடும். சாலைப் பணி ஒப்பந்தத்திலேயே லூப்பைத் திரும்பப் பதிக்கும் வேலையைச் சேர்க்காவிட்டால் அந்த இடம் மாதக்கணக்கில் குருடாகவே கிடக்கும். கம்பி இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் லூப் "எப்போதும் வண்டி நிற்கிறது" என்று சொல்லும். மறைப்பு 100 விழுக்காடு, ஆனால் எண்ணிக்கை சுழியம் என்று வந்தால் கணினி அந்த லூப்பை ஒதுக்கிவிட வேண்டும். உணர்திறன் அதிகமானால் பக்கத்துத் தடத்து வண்டியையும் சேர்த்து எண்ணும். குறைந்தால் இருசக்கர வாகனம் தப்பும், உயரமான அடிப்பாகம் உள்ள டிரெய்லர் இரண்டு வண்டியாகப் பதியும். சாலையோரக் கம்பத்து ரேடாருக்குத் தாரை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் அருகுத் தடத்து லாரி அப்பாலுள்ள காரை மறைத்துவிடும், எனவே கம்பத்தின் உயரத்திலும் சாலையிலிருந்து அதன் தூரத்திலும் தயாரிப்பாளர் சொல்லும் அளவை விட்டு விலகக் கூடாது.

கடைசியாகப் பலகை. எல்.இ.டி. புள்ளிகளால் ஆன 8-இன் மேல் வலது பக்க வரிசை எரியாமல் போனால் அது 6 ஆகத் தெரியும். இடது பக்கம் இரண்டும் போனால் 3. 80 என்பது 60 ஆகவோ 30 ஆகவோ மாறி, சட்டத்தின் பெயரால் பொய் சொல்லும். எனவே பலகை தன் புள்ளிகள் உண்மையில் எரிகின்றனவா என்று தானே சோதித்து, எண் உருமாறும் அளவுக்குப் பழுதானால் அணைந்துவிட வேண்டும். அணைந்த பலகைக்குக் கீழே சாலையின் வழக்கமான வரம்பு பொருந்தும்.

மூடுபனியில் பலகையே தெரியவில்லை என்றால் என்ன வேகத்தில் போவது?

தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில். முன்னே சொன்ன கணக்கின்படி 200 மீட்டர் தெரிந்தால் 100 வரை போகலாம். 100 மீட்டர் தெரிந்தால் 68 என்று வரும், 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் மட்டுமே தெரிந்தால் 42 என்று வரும், 40-ஐத் தாண்டாதீர்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் தெரியும் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் 50 கி.மீ.தான் உச்சம் என்பது சட்டம். அது மேல் எல்லை. நிற்க உறுதி தரும் வேகம் அதற்கும் கீழே.

தூரத்தை எப்படி அறிவது? சாலையோர வழிகாட்டிக் கம்பங்கள் எத்தனை மீட்டருக்கு ஒன்று என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் 50 மீட்டருக்கு ஒன்று. கண்ணுக்கு இரண்டு கம்பம் தெரிந்தால் 100 மீட்டர்.

முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்தில் போவதுதான் மூடுபனியில் மிகப் பெரிய ஆபத்து. அந்த விளக்கு தெரியும் தூரமும், விளக்கு இல்லாமல் நிற்கும் வண்டி தெரியும் தூரமும் ஒன்றல்ல. ஹை பீம் போடாதீர்கள். பனித்துளிகள் ஒளியைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும்.

மழைக்கும் இப்படி வரம்பு மாறுமா?

மாறும், மாற வேண்டும். பிரான்சில் பலகை இல்லாமலே மாறுகிறது: நெடுஞ்சாலையில் 130 என்றிருப்பது மழை பெய்தால் 110 என்று சட்டத்திலேயே இருக்கிறது. பின்லாந்தில் குளிர்காலம் முழுவதும் பெரும்பாலான 120 வரம்புகள் 100 ஆகவும், 100 வரம்புகள் பலவும் 80 ஆகவும் இறங்கும். மின்னணுப் பலகை உள்ள இடத்தில், தார்ப்பரப்பில் நிற்கும் நீர்ப்படலத்தை அளந்து இன்னும் நுட்பமாக மாற்றலாம். சென்சாரைச் சக்கரம் ஓடும் பள்ளத்தில் வையுங்கள், தண்ணீர் நிற்பது அங்கேதான். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே வைத்தால் "உலர்ந்திருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் கனரக லாரி ஓட்டுகிறேன். என் வண்டிக்கு ஏற்கெனவே தனி வரம்பு உண்டு. பலகை 100 என்றால் எனக்கு என்ன, 60 என்றால் என்ன?

இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு. பலகை 100 என்பதால் உங்கள் வரம்பு கூடாது. 60 என்றால் உங்களுக்கும் 60.

சரிவில் இறங்கும்போது பலகையைக் கூடுதலாக மதியுங்கள். 5 விழுக்காட்டுச் சரிவு என்றால், 3.4 என்று சொன்ன வேகக் குறைவில் ஏறத்தாழ 0.5-ஐப் புவியீர்ப்பு தின்றுவிடும். 80-இல் சமதரையில் 128 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு அங்கே 140 மீட்டர் ஆகும். அதுவும் பிரேக் குளிர்ந்திருந்தால். நெடுநேரம் காலை வைத்தபடியே இறங்கிச் சூடேறிய பிரேக் டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும், பெடல் இறங்கும், பிடிப்பு இராது. எனவே சரிவு தொடங்குவதற்கு முந்தைய பலகையில் எண் இறங்கியிருந்தால், அங்கேயே கியரைக் குறைத்துவிடுங்கள். சரிவுக்குள் போய்க் கியர் மாற்ற முயன்றால் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. எஞ்சின் பிரேக்கோ ரிடார்டரோ (கால்பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவி) இருந்தால் வேகத்தை அதில் பிடித்துவைத்து, கால்பிரேக்கை நிறுத்தத்துக்கு மிச்சம் வையுங்கள்.

பலகைக்கு அடியில் போகும் நொடியில் எண் 100-லிருந்து 80-க்கு மாறியது. கேமரா பிடித்துவிட்டால் அபராதம் கட்ட வேண்டுமா?

ஒழுங்காக வடிவமைத்த ஏற்பாட்டில் அப்படிப் பிடிக்கக் கூடாது. எண் மாறிய பிறகு, பழைய எண்ணைப் பார்த்துப் போனவர் கேமராவைக் கடக்கும்வரை அது பழைய வரம்பின்படியே பார்க்க வேண்டும். இந்த அவகாசத்தைக் கணக்கிடுவது எளிது: பலகையின் எண்ணைப் படிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கேமரா அளக்கும் இடம்வரை உள்ள தூரத்தை, பழைய வரம்பில் போகும் வண்டி கடக்கும் நேரம். 250 மீட்டர், 100 கி.மீ. என்றால் 9 நொடி. வேகத்தைப் பதறாமல் இறக்குவதற்கும் சில நொடி கூட்ட வேண்டும். கேமராவின் கடிகாரமும் பலகையின் கடிகாரமும் ஒன்றாக ஓடாவிட்டால் இந்த அவகாசமே பொய்யாகிவிடும். ஆகவே பலகை எந்த நொடியில் எந்த எண்ணைக் காட்டியது என்ற பதிவு தனியாகச் சேமிக்கப்பட வேண்டும், அபராதச் சீட்டோடு அது ஒப்பிடப்பட வேண்டும். சீட்டு வந்தால் அந்தப் பதிவைக் கேளுங்கள், முறையான கேள்விதான்.

சாலைப் பணி முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். நடு இரவு. பலகை இன்னும் 60 என்றே சொல்கிறது. இதை மதிக்கத்தான் வேண்டுமா?

மதிக்க வேண்டும். புதிய தாரில் கோடு இன்னும் போடாமல் இருக்கலாம், ஓரத்தில் பள்ளம் திறந்திருக்கலாம். இரவில் அது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் வேலை ஏதும் மிச்சமில்லாமல் எண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தால், அது கட்டுப்பாட்டு அறையின் தவறு, பெரிய தவறு. இன்று காரணமில்லாத 60-ஐக் கடந்து போன ஓட்டுநர் நாளை காரணமுள்ள 60-ஐயும் நம்ப மாட்டார். அதிலும் பாதிப் பேர் மதித்து, பாதிப் பேர் மதிக்காமல் போவது எல்லோரும் 100-இல் போவதைவிட மோசம், ஏனென்றால் வேக வித்தியாசம் பெருகிவிடுகிறது. அறையில் ஆள் கையால் போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் காலாவதி நேரம் இருக்க வேண்டும். அந்த நேரம் வந்ததும் திரை "இன்னும் தேவையா?" என்று கேட்க வேண்டும், ஆள் உறுதி செய்தால் மட்டுமே நீடிக்க வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை, மென்பொருளில் ஒரு விதி போதும்.

மூடுபனிக்குப் பேர்போன 6 கி.மீ. நீளச் சாலைப் பகுதி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. நெடுக லூப் பதிக்கப் பணம் இல்லை. சிறிய அளவில் எப்படித் தொடங்குவது?

சிறியதாகத் தொடங்கலாம், ஆனால் அரைகுறையாக அல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கால்ஹூன் அருகே ஐ-75 சாலையில் 1990 டிசம்பர் 11 அன்று மூடுபனியில் 99 வண்டிகள் மோதி 12 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே அமைத்த ஏற்பாட்டில் பார்வைத் தூர சென்சார், வேக அளவி, மாறும் பலகை ஆகியவற்றோடு நுழைவழிகளை அடைக்கும் வாயிற்கதவும் உண்டு. வரம்பைக் குறைப்பதோடு நிற்காமல், தேவைப்பட்டால் சாலையையே மூடும் அதிகாரமும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. நீங்களும் அந்தக் கடைசிப் படியை முதலிலேயே எழுதிவையுங்கள்: எத்தனை மீட்டருக்குக் கீழே போனால் மூடுவது, யார் உத்தரவிடுவது, வண்டிகளை எந்த வழியில் திருப்புவது.

அடுத்து, விபத்துப் பதிவேட்டை எடுத்து இடம், மணி, மாதம் மூன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். 6 கி.மீ. முழுவதும் ஒரே மாதிரி பனி இறங்காது. ஆற்றுப் பாலமும் ஏரிக்கரையும் தாழ்ந்த பள்ளமும்தான் முதலில் மூடும். சென்சார் அங்கே போக வேண்டும். மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காக மேட்டில் இருக்கும் சுங்கச்சாவடிக் கம்பத்தில் மாட்டினால் அது என்றைக்கும் "தெளிவு" என்றே சொல்லும். இந்தச் சென்சார் ஒரு ஒளிக்கற்றையைக் காற்றில் அனுப்பி, துளிகள் எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்க்கிறது. அது அளப்பது கையளவு காற்றைத்தான். பனித்திட்டு 300 மீட்டர் தள்ளி நின்றால் அதற்குத் தெரியாது. ஆகவே ஆபத்தான பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார், ஓட்டுநரின் கண் உயரத்தை ஒட்டி. மூன்று வாங்கப் பணம் இருந்தால் மூன்றையும் பள்ளங்களில் வையுங்கள், சமமாகப் பிரித்து வைக்காதீர்கள்.

பலகைகள் ஒவ்வொரு திசையிலும் குறைந்தது மூன்று. பனிப் பகுதிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. முன்பு முதல் படி, பகுதியின் வாயிலில் இரண்டாவது படி, உள்ளே ஒன்று. முதல் பலகை பனிக்கு வெளியே, தெளிவான காற்றில் இருப்பது கட்டாயம். அங்கேதான் ஓட்டுநர் எண்ணைப் பார்க்கவும் முடியும், பதறாமல் இறக்கவும் முடியும். நடுவே நுழைவழி இருந்தால் அதன் வாயிலும் ஒரு பலகை கேட்கும். அதை மறந்தால், அந்த வழியாக வருபவர் வரம்பு தெரியாமலே ஓடுவார்.

படிகளை எளிமையாக வையுங்கள். தெரியும் தூரம் 200 மீட்டருக்குக் கீழே இறங்கினால் 80, 130-க்குக் கீழே 60, 85-க்குக் கீழே 40, அதற்கும் கீழே நீங்கள் எழுதிவைத்த மூடும் எல்லை. ஏற்றும்போது எல்லையைவிட 30 மீட்டர் கூடுதலாகத் தெளிந்து, அது பத்து நிமிடம் நிலைத்திருக்க வேண்டும். பனி வந்து வந்து விலகும் தன்மை உள்ளது, அதன் ஒவ்வொரு அசைவுக்கும் பலகை ஆடக் கூடாது. தகவல்தொடர்பு அறுந்தால் பலகை என்ன செய்யும் என்பதையும் சோதித்துப் பாருங்கள்: கேபிளைக் கழற்றுங்கள், கடைசி எண்ணைக் குறித்த நேரம் காட்டிவிட்டு அணைகிறதா என்று நின்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் கையெழுத்து வாங்கும் முன் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

பிறகு பராமரிப்பு. இந்தச் சென்சாரின் இரண்டு கைகளுக்கும் நடுவே சிலந்திக்குப் பிடித்த இடம் உண்டு. வலை பின்னிவிட்டால் இழைகளே ஒளியைச் சிதறடித்து, வெயில் அடிக்கும் பகலில் "பனி" என்று 40 போட்டுவிடும். லாரிகள் வாரியடிக்கும் சேறு கண்ணாடியில் படிந்தால் நேர்மாறாக, பனி வந்தும் தெரியாமல் போகலாம். பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பும், காலத்தின் நடுவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் கண்ணாடியைத் துடைத்து, வலையை நீக்கி, தயாரிப்பாளர் தரும் அளவுத்தட்டைப் பொருத்தி எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பள்ளத்துச் சென்சார்கள் தெளிவு என்று சொல்லும்போது ஒன்று மட்டும் பகல் முழுக்கப் பனி என்றால், கணினி அதைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கட்டும். கேமராவில் பார்த்து ஓர் ஆள் உறுதி செய்யட்டும். அங்கே போகிற ஊழியர் கையில் ஒரு தூரிகையும், சாலையோரத்தில் வண்டி நிறுத்த ஓர் ஒதுக்கிடமும் இருக்க வேண்டும். ஒதுக்கிடம் இல்லாமல் கம்பத்தை நட்டுவிட்டால் ஒவ்வொரு முறை துடைப்பதற்கும் ஒரு தடத்தை அடைக்க வேண்டிவரும், அப்படியானால் துடைக்கும் வேலையே நடக்காது.